தரங்கம்பாடியின் உபதேசியார்கள்

டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவுடன் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றிக் புளூட்சோவும், ஜெர்மனியின் ஹல்லே நகரில் வேரூன்றியிருந்த பியட்டிச இயக்கத்தால் உருவானவர்கள். திருச்சபையில் பெயரளவில் உறுப்பினராக இருப்பது போதாது, ஒவ்வொருவரும் தம் பாவத்தை உணர்ந்து மனந்திரும்பி உள்ளத்தில் விடுதலை பெறவேண்டும், பெற்றவர் பிறரையும் அதற்கு அழைக்கக் கடமைப்பட்டவர் என்பது அவ்வியக்கத்தின் போதனை. 1707 மே மாதத்தில் அவர்களிடம் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். ஆன்மாவின் விடுதலையைப் பேசிய போதனை முதலில் சென்று சேர்ந்தது உடலுக்கு விடுதலை இல்லாதவர்களிடம் என்பதை மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

டேனியரின் ஆட்சி தரங்கம்பாடிக் கோட்டையையும் சுற்றியிருந்த சில ஊர்களையும் தாண்டவில்லை. அதற்கப்பால் தஞ்சை மராட்டியரின் நாட்டில் ஐரோப்பிய மிஷனரிகள் விரும்பியபடி நடமாட இயலாததால், அழைப்பை ஊர்களுக்குள் கொண்டுசெல்லும் பொறுப்பு தமிழர்களிடமே விழுந்தது. இவர்களே உபதேசியார்கள், அதாவது மிஷனிடம் ஊதியம் பெற்று, ஞானோபதேச வினாவிடையைக் கற்பித்து, நோயுற்றோரைச் சந்தித்து, ஞானஸ்நானத்துக்கு வருவோரை ஆயத்தப்படுத்தி, தாம் கண்டதையும் வாதிட்டதையும் மிஷனரிகளுக்கு அறிவித்தவர்கள். ஹல்லேயில் அச்சாகி ஐரோப்பா முழுவதும் வாசிக்கப்பட்ட மிஷன் அறிக்கைகளில் உள்ள உள்நாட்டுச் செய்திகளில் கணிசமான பகுதி இவர்கள் நடந்து திரட்டியது. ஆயினும் ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து, அதாவது இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூரும் அப்பமும் இரசமும், பரிமாறவும் குருப்பட்டம் பெற்றவருக்கு மட்டுமே உரிமை இருந்தது.

அந்த உரிமை தமிழர் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1733 டிசம்பர் 28 அன்று. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, 1718இல் சீகன்பால்கிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், உபதேசியாராகப் பல்லாண்டு உழைத்தபின் லுத்தரன் குருவாக நியமிக்கப்பட்டார். ஆனால் அக்காலத்து உபதேசியார்களில் தஞ்சைப் பகுதியில் ஆழ்ந்த தடம் பதித்தவர் இராஜநாயக்கன். பறையர் சமூகத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய அவர், தரங்கம்பாடி அச்சகம் 1714இல் வெளியிட்ட நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் வாசித்து மிஷனை நாடி வந்தார். 1720களின் இறுதியில் உபதேசியாரானார். அச்சிட்ட நூல் மிஷனரியின் கால் படாத இடத்துக்குச் சென்று ஆளை அழைத்து வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அம்மிஷனின் தொடக்க காலத்தில் அரிது.

இரண்டாவது தமிழ்க் குருவைத் தெரிவுசெய்யும் காலம் வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் ஆராயப்பட்டது. அவருடைய பக்தியிலோ உழைப்பிலோ எவரும் குறை காணவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற வேளாளக் கிறிஸ்தவர்கள் உடன்படமாட்டார்கள் என்பதே தடையாக நின்றது. தரங்கம்பாடியில் மிஷனின் தேவாலயமான எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாக இடைவெளி விட்டு அமர்ந்திருந்த சபை அது. மிஷனரிகள் அவ்வழக்கத்தை மனமார ஏற்காவிடினும் மோதவும் துணியவில்லை. 1741இல் தியோகு என்பவரே இரண்டாவது தமிழ்க் குருவானார். இராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.