குடிசன மதிப்பேடும் ஓர் அரிய குடும்பப் பெயரும்

பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே பெயரன் எனப்பட்டான் என்பர் நம் பெரியோர். ஆயினும் தந்தை பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைக்கும் நம் முறையில், மூன்றாம் தலைமுறைக்குள் மூதாதையர் பெயர் ஏட்டிலிருந்து நழுவிவிடுகிறது. ஆங்கிலேயரோ ஒரே குடும்பப் பெயரை நூற்றாண்டுக் கணக்காய்ச் சுமந்து வருகின்றனர். அப்பெயர் அரியதாயின், அதனைப் பற்றிக்கொண்டு குடும்பத்தின் வேர்வரை செல்லலாம்.

1982இல் வெளிவந்த 'காந்தி' படத்தை நெறிப்படுத்திய ரிச்சர்ட் அற்றன்பரோவை நாம் அறிவோம். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம்சயரில் அற்றன்பரோ என்றே ஓர் ஊர் உண்டு. அவ்வூரை விட்டுப் போனவனையே அயலூரார் ஊர்ப்பெயரிட்டு அழைத்திருப்பர். ஊரோடு இருந்தவனை அவ்வாறு அழைக்கத் தேவையில்லை அன்றோ! ரிச்சர்டின் தந்தையார் ஃபிரெடரிக் 1887இல் பிறந்த ஸ்டேப்பிள்ஃபோர்டு, அவ்வூருக்குச் சில மைல் தொலைவிலேயே உள்ளது.

இவ்வாறு தேடுவோர்க்குக் கைவிளக்கு குடிசன மதிப்பேடு. 1841ஆம் ஆண்டு ஏட்டில் பெயர் உண்டு. ஆனால் வளர்ந்தோர் வயதை ஐந்தைந்தாகக் குறைத்தெழுதும்படி விதித்திருந்தனர். முப்பத்துநான்கு வயதினர் முப்பதாகிவிடுவார்! பிறந்த ஊரும் இல்லை. 1851இல்தான் பிறந்த ஊரும், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் பதிவாயின. 1911ஆம் ஆண்டுப் படிவமோ வீட்டுக்காரர் தம் கையாலேயே நிரப்பியது. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்போர் எத்தனை, இறந்தோர் எத்தனை என்று அது கேட்கிறது. ஒரு தாயின் துயரம் அங்கே ஓர் எண்ணாக நிற்கிறது.

இடர்களும் உண்டு. கணக்கெடுப்போர் காதில் விழுந்தவாறு எழுதினமையால் பெயர் பல உருவெடுக்கும். பெண்கள் மணமானதும் வேறு பெயருக்குள் மறைந்துவிடுவர்.

ஏடு விட்ட இடத்தைக் குருதி நிரப்பியது. 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆடவரின் மரபணுவை ஆராய்ந்து, அற்றன்பரோ என்னும் பெயரினரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே தந்தைவழியினர் எனக் கண்டனர். ஸ்மித் போன்ற பொதுப் பெயர்களில் இவ்வொற்றுமை இல்லை. அப்பல்கலைக்கழகம் கல்லூரியாயிருந்த காலத்தில், 1932 முதல் 1951 வரை அதன் அதிபராயிருந்தவரும் மேற்சொன்ன ஃபிரெடரிக்கே!

ஆனால் ஏடும் அழியக்கூடியது. இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டுப் படிவங்கள் 1942இல் தீக்கிரையாயின. 1941இல் போர் காரணமாய்க் கணக்கே எடுக்கவில்லை. நூறாண்டு மறைத்து வைக்கும் விதிப்படி 1921ஆம் ஆண்டு ஏடு 2022இல் திறக்கப்பட்டது. அடுத்ததற்கு 2052 வரை காத்திருத்தல் வேண்டும்.

இலங்கையில் நாடு முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. ஆயினும் நம் முன்னோரைத் தேட நமக்குக் கைகொடுப்பவை ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும், வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் காணி உறுதிகளுமே. காணியின் பெயர், உடையவர் பெயர், அவர் தந்தை பெயர், நாற்புறத்து எல்லைக்காரர் பெயர் யாவும் அவற்றில் உண்டு. கறையான் இன்னும் தொடாத உறுதி எந்த வீட்டில் இருக்கிறதென்பதை அவ்வீட்டுப் பெரியவர்களிடந்தான் கேட்க வேண்டும்.