சொட்டாமல் குறையும் தண்ணீர்

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலைக் கல்வெட்டுதான். முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. ஏரியைக் கவனிக்கவே தனியாக ஏரி வாரியம் ஒன்று அதில் இருக்கிறது. இந்தப் பதிவு அதே வட்டாரத்தின் இன்னொரு தண்ணீர்க் கணக்கைப் பற்றியது. சாலவாக்கம், மதூர், சிறுதாமூர், அருங்குன்றம் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. ஜல்லி ஏற்றிக்கொண்டு டிப்பர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. டிப்பர் வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "கீழ ஒரு சொட்டு கூட இல்ல. ஆனா கூலன்ட் மட்டும் குறைஞ்சுக்கிட்டே இருக்கு."

நான் மென்பொருள் ஆள். ஆனாலும் இந்தப் புதிர் என்னை விடவில்லை. சர்வீஸ் கையேடுகளையும் பழைய பொறியியல் கட்டுரைகளையும் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இன்ஜின் மாற மாற, தண்ணீர் தப்பிக்கும் வழியும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வண்டி எந்தத் தலைமுறை என்று பார்க்காமல் ஸ்பேனரை எடுத்தால், தேவையில்லாததைக் கழற்றிவிடுவோம்.

மூடியைத் திறந்து ஊற்றிய காலம்

1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து வந்த காமெட் லாரிகளை அறுபது வயதைத் தாண்டிய டிரைவர்கள் இன்றும் பாசமாகப் பேசுவார்கள். அந்தக் காலத்தில் தண்ணீர் குறைவது அதிசயமே இல்லை. ஏற்றத்தில் கொதிக்கும்; வண்டியை ஓரங்கட்டி, ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து, பக்கத்து ஏரியிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். எரியும் டீசலின் வெப்பத்தில் தோராயமாகக் கால் பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். ஆவியாகப் போனதை நிரப்புவது அன்றாட வேலை.

பிறகு அழுத்த மூடி பரவலானது. காற்றழுத்தத்துக்கு மேல் 1 பார் அழுத்தம் ஏற்றினால் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். கூடவே விரிவுத் தொட்டியும் வந்தது. சூட்டில் விரிந்த நீர் அங்கே போய், ஆறியதும் திரும்பி வரும். இப்படி மூடிய அமைப்பில் ஆவியாகிக் குறைய வழியில்லை. ஆகவே அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை என்றுதான் பொருள். இது பலருக்கு இன்னும் மனதில் பதியவில்லை. "லாரின்னா தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்பது காமெட் காலத்துப் பேச்சு.

கப்பலிலிருந்து வந்த வியாதி

பல கனரக டீசல்களில் பிஸ்டன் ஓடும் லைனரின் வெளிப்புறத்தைக் கூலன்ட் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். இதற்கு வெட் லைனர் என்று பெயர். பிஸ்டன் பக்கவாட்டில் இடிக்கும்போது லைனர் மணி போல அதிரும். சுவர் ஒரு நொடியின் சிறு பகுதிக்குப் பின்வாங்கும்போது கூலன்டில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகி, உடனே நொறுங்கும். ஒவ்வொரு நொறுங்கலும் இரும்பில் ஒரு சிறு சுத்தியல் அடி. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் ஊசி குத்தியதுபோல் துளை விழும்.

இந்த வியாதியை முதலில் கண்டது கப்பல்காரர்கள். 1893 வாக்கில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் டேரிங் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. 1894-இல் பார்சன்ஸின் டர்பினியாவுக்கும் அதே கதி. புரொப்பெல்லரைச் சுற்றி உண்டான குமிழிகள்தான் காரணம் என்று தெரிந்தது. கேவிடேஷன் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். குமிழி நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் எழும் என்று 1917-இல் கணக்கிட்டுக் காட்டினார் ராலே பிரபு. கடலில் கண்ட அதே சங்கதிதான் லாரி இன்ஜினுக்குள்ளும் நடக்கிறது.

இதைத் தடுப்பது கூலன்டில் கலந்திருக்கும் நைட்ரைட் போன்ற சேர்மங்கள். அவை லைனர்மேல் ஒரு மெல்லிய படலத்தைப் பராமரிக்கின்றன. குறைகிறதே என்று போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் அந்தச் சேர்மம் நீர்த்துப்போகும். உப்பு வேறு படியும். ஒரு ஒழுக்கை மறைக்க ஊற்றிய தண்ணீர், இன்னொரு ஒழுக்கை உண்டாக்கிவிடும்.

பிஎஸ்-6 திறந்த புது வாசல்

நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் பல இன்ஜின்கள் வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்புகின்றன. இதுதான் ஈஜிஆர். பல நூறு டிகிரி சூட்டில் வரும் அந்தப் புகையை ஆற்ற ஒரு கூலர் வேண்டும். அதை ஆற்றுவதும் இதே கூலன்ட்தான். ஒரு பக்கம் கொதிக்கும் புகை, மறுபக்கம் கூலன்ட், நடுவில் மெல்லிய உலோகம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அதில் விரிசல் விழும். கூலன்ட் புகைக்குழாய்க்குள் கசிந்து ஆவியாகிப் போய்விடும். தரையில் சொட்டாது, ஆயிலிலும் கலக்காது. அமெரிக்காவில் 2002 அக்டோபர் முதல் இவ்வகை இன்ஜின்கள் பரவலானபோது, அங்குள்ள லாரிக்காரர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எல்லா பிஎஸ்-6 வண்டியிலும் இந்தக் கூலர் கிடையாது. சில இன்ஜின்கள் எஸ்சிஆரை மட்டும் நம்பியவை. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெளியிலிருந்து உள்ளே

இத்தனையும் தெரிந்தபின் தேடும் வரிசை எளிது. செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும்.

தினமும் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, அளவைக் குறித்துவையுங்கள். ஓடிய கிலோமீட்டரையும் சேர்த்து. பிறகு மூடி, குழாய்க் கவ்விகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை. ஓடும்போது சொட்டியது சூட்டில் காய்ந்துவிடும். ஆனால் காய்ந்த இடத்தில் நிறப்பொருக்கு நிற்கும்.

அடுத்து, கைப்பம்பால் மூடியில் குறித்துள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், ஆயில் பிளக்கை லேசாகத் தளர்த்துங்கள். ஆயிலில் தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி, முதலில் அதுதான் வரும். கூலன்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ஏர் பிரேக் கம்ப்ரெஸரின் தலையையும் பெரும்பாலும் கூலன்ட்தான் ஆற்றுகிறது. அங்கிருந்தும் காற்று வரலாம். ஏர் டேங்கின் வடிகாலைத் திறந்து நிறத்தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் சித்தப்பா மகனின் பிஎஸ்-6 டிப்பருக்கு, ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். வண்டி நின்றால் வாடகை போகும், தவணை நிற்காது. "அண்ணே, நீ படிச்சதுல என்னதான் போட்டிருக்கு?" என்று கேட்டான். இரவெல்லாம் அழுத்தம் ஏற்றி வைத்தோம். அழுத்தம் இறங்கியது, தரை காய்ந்தே இருந்தது. ஆயில் சுத்தம். குமிழி இல்லை. மிச்சம் ஈஜிஆர் கூலர். அதன் புகைப்பக்கக் குழாயை மெக்கானிக் கழற்றினார். உள்ளே ஈரம். கூலரை மாற்றியதோடு முடிந்தது. ஹெட்டைத் தொடவே இல்லை.

அங்கேயும் ஈரம் இல்லாதிருந்தால் அடுத்தது லைனர். ஆயில் சம்ப்பைக் கழற்றிவிட்டு, அழுத்தம் ஏற்றிக் கீழிருந்து பார்த்தால் எந்த லைனர் ஒழுகுகிறது என்று தெரியும். அது பெரிய வேலை, அதனால்தான் கடைசி.

தள்ளிப்போட மட்டும் கூடாது. நிறுத்தியிருக்கும்போது கூலன்ட் சிலிண்டருக்குள் நிறைந்துவிட்டால், பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நொடியில் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். எனவே குறைந்த அளவை ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். இரண்டு வாரக் கணக்கு கையில் இருந்தால், பட்டறைக்காரரிடம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.