நடுக்கம் தராத மருந்தைத் தேடி

மனச்சிதைவு நோய்க்கான நவீன மருந்துகளின் வரலாறு குளோர்புரோமசினில் தொடங்குகிறது. 1950 டிசம்பரில் பிரான்சின் ரோன்-பூலென்க் நிறுவனத்தில் உருவான இந்த மருந்தை அறுவை சிகிச்சை நோயாளிகளை அமைதிப்படுத்த முதலில் பயன்படுத்தியவர் ஆன்ரி லபோரி என்ற கடற்படை மருத்துவர். 1952இல் பாரிஸின் சேன்த்-ஆன் மருத்துவமனையில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கேரும் அதை மனநோயாளிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தனர். ஆர்ப்பரித்தவர்கள் அடங்கினார்கள். கூடவே சிலருக்கு முகம் இறுகியது, நடை குறுகியது, கை நடுங்கியது. இது பார்க்கின்சன் நோயைப் போன்றது என்று 1954இல் லோசான் நகர மருத்துவர் ஹான்ஸ் ஸ்டெக் பதிவு செய்தார். இந்தியச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினும் அதே கோளாறைத் தருவதை அவர் கண்டிருந்தார்.

அன்றைய மருத்துவர்கள் பலர் இந்த நடுக்கத்தை வெறும் தீங்காகப் பார்க்கவில்லை. மருந்து வேலை செய்வதற்கான அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஹாசெ இதைக் கையெழுத்தை வைத்தே அளந்தார். நோயாளி ஒரே வாசகத்தை அவ்வப்போது எழுதிக் காட்ட வேண்டும். எழுத்துகள் சிறுத்து நெருங்கத் தொடங்கினால் அதுவே போதுமான அளவு. உடல் விறைக்கும் வரை மருந்தை ஏற்றக் கூடாது என்பதே அவர் சொன்னது. பின்னாளில் மருந்தை அள்ளிக் கொடுத்தவர்கள் அந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் 1963இல் ஓரளவு புலப்பட்டது. மூளையில் டோபமைனின் செயலை இம்மருந்துகள் தடுக்கின்றன என்று சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் காட்டினார். பிரமையைத் தணிக்கும் தடுப்பும் அசைவைக் கெடுக்கும் தடுப்பும் ஒன்றுதான். இதைவிடக் கொடியது, நெடுநாள் சிகிச்சைக்குப் பின் தலைகாட்டும் கோளாறு: வாய் ஓயாமல் மெல்லும், நாக்கு தானாகச் சுழலும், மருந்தை நிறுத்தினாலும் பலருக்கு அது நிற்பதில்லை. மருத்துவர் ஷோனெக்கர் 1957இல் விவரித்த இந்தக் கோளாறுக்கென்று ஒரு மருந்தை அமெரிக்கா அங்கீகரிக்க 2017 ஆகிவிட்டது.

ஆகவே நடுக்கம் தராத மருந்துக்குப் பெரும் தேவை இருந்தது. 1950களின் இறுதியில் வந்த தயோரிடசின் அந்த இடத்தைப் பிடித்தது. முதியவர்களுக்கும் மென்மையானது என்று பெயர் வாங்கியது. ஆனால் 1963இலேயே கனடாவின் மருத்துவ இதழில் கெல்லியும் இரு சகாக்களும் அதை உட்கொண்ட இருவரின் மரணத்தையும் இ.சி.ஜி. மாற்றங்களையும் வெளியிட்டிருந்தனர். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை பொட்டாசியத்தை வெளியேற்றித்தான் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. அந்த வெளியேற்றத்தை மருந்து தடுக்கும்போது இ.சி.ஜி. தாளில் க்யூ-டி இடைவெளி நீள்கிறது. மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். மருந்துகள் வருவதற்கு முன்பும் மனநல விடுதிகளில் திடீர் மரணங்கள் இருந்தன என்ற வாதம் நெடுங்காலம் எடுபட்டது. கை நடுங்குவது வார்டில் எல்லோர் கண்ணிலும் படும். க்யூ-டி நீள்வது இ.சி.ஜி. எடுத்தால்தானே தெரியும்? அமெரிக்காவின் கடும் எச்சரிக்கை 2000இல்தான் வந்தது. 2005இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் மருந்தையே விலக்கிக்கொண்டது.

செர்டின்டோலின் கதையும் ஏறக்குறைய இதுவே. நடுக்கம் அரிது என்ற பெருமையோடு வந்த அது, இதயத்தின் பொருட்டு 1998இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து பின்வாங்கியது; பின்னர் கட்டுப்பாடுகளோடு திரும்பியது.

நடுக்கம் அரிதாகவே தரும் மற்றொரு மருந்தான க்ளோசபினுக்கு வந்த முதல் பழி இரத்தத்தின் பேரில். 1975இல் பின்லாந்தில் அதை உட்கொண்ட சிலர் வெள்ளணுக்கள் அற்றுப்போய் இறந்ததால் அது முடக்கப்பட்டது. வேறு எதற்கும் அசையாத நோயாளிகள் இதில் தேறுகிறார்கள் என்று ஜான் கேன் குழு 1988இல் நிறுவியபின், கட்டாய இரத்தப் பரிசோதனையோடு மீண்டும் வந்தது. எல்லோரும் இரத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தபோது, 1999இல் ஆஸ்திரேலியாவிலிருந்து புதுச் செய்தி: சுமார் 8,000 நோயாளிகளில் 15 பேருக்கு இதயத் தசை அழற்சி, அவர்களில் 5 பேர் மரணம். பதினைந்தும் மருந்து தொடங்கிய மூன்று வாரத்துக்குள்.

புதிய தலைமுறை மருந்துகள் இதயத்துக்குப் பாதுகாப்பானவை என்ற நம்பிக்கையை 2009இல் வெய்ன் ரே குழு டென்னசி மாநிலப் பதிவுகளை வைத்துச் சோதித்தது. பழையதோ புதியதோ, உட்கொள்பவர்களின் திடீர் இதய மரண வீதம் மற்றவர்களைப் போல் இரு மடங்காக இருந்தது. மருந்தின் அளவு கூடக் கூட அதுவும் கூடியது.