நார்கொண்டம்: ஒரு தீவு, ஒரு பறவை, நாலு ஆடுகளின் கதை

அந்தமான் கடலில், வட அந்தமானிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடைய எரிமலைத் தீவு நார்கொண்டம். பெயர் ‘நரக குண்டம்’ என்பதன் திரிபாகலாம் என்பர். எரிமலை உறங்கிக்கிடக்க, காடு உச்சிவரை அடர்ந்திருக்கும் இத்தீவுக்கு அப்பெயர் பொருந்தவில்லை. நெருப்புக் கக்கும் பாரன் தீவின் பெயர் இதற்கு மாறி வந்திருக்கலாம் என்ற ஊகமும் உண்டு.

இத்தீவன்றி உலகில் வேறெங்கும் வாழாத இருவாச்சி இனம் ஒன்று இங்கே உண்டு. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண் கருமை, இரண்டிற்கும் வால் வெண்மை. 1873இல் அறிவியல் உலகுக்கு இதனை விவரித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இந்திய தேசிய காங்கிரஸ் உருவாகக் காரணமாயிருந்த அதே ஹ்யூம்தான். அவரை அரசியல் வரலாறு ஒருபுறமும் பறவையியல் மறுபுறமுமாகப் பிரித்தே படித்துவருகின்றன என்பது நம் பாடத்திட்டங்களின் குறை.

பறவை அரிதாக இருந்ததற்கு வேட்டையோ காடழிப்போ முதற்காரணமன்று. தீவே சிறியது, ஆகவே எண்ணிக்கையும் என்றும் குறைவு. இதனை விளங்கிக்கொள்ளாதவர் பிற்கால ஆபத்தையும் விளங்கிக்கொள்ள இயலாது. பெருங்காடுகளில் ஓரிடம் கெட்டால் இருவாச்சிக்கு வேறிடம் உண்டு. இங்கோ பெண் பறவை மரப்பொந்தில் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்க, வெளியிலிருந்து ஆண் ஊட்டும் அந்த முதுமரங்கள் எத்தனை உள்ளனவோ, அத்தனையே இனத்தின் எதிர்காலம்.

தீவில் மனிதக் குடியிருப்பு இருந்ததில்லை. 1960களின் இறுதியில் இந்திய அரசு அங்கே காவல் நிலையம் அமைத்தது. பர்மா இத்தீவின்மீது உரிமை கொண்டாடிய காலம் அது. 1986இல் கையெழுத்தான கடல் எல்லை உடன்படிக்கையோடுதான் அவ்விவகாரம் ஓய்ந்தது. ஆக, காவலர் வந்தது பறவைக்காக அன்று, இறையாண்மைக்காக. அவர்களின் உணவுத் தேவைக்காக 1976இல் ஆடுகள் கொண்டுவரப்பட்டன. மறு ஆண்டே, 1977இல், தீவு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆட்டை இறக்கிய அரசும் சரணாலயம் அறிவித்த அரசும் ஒன்றே என்பதைச் சுட்டாமல் இவ்வரலாற்றை எழுத முடியாது.

காட்டுக்குள் புகுந்த ஆடுகள் நூற்றுக்கணக்காகப் பெருகின. அவை பறவையைத் தொடவில்லை; நாற்றுகளை மேய்ந்தன. முதிர்ந்த மரங்கள் நிற்க, அவற்றிற்குப்பின் வர வேண்டிய இளமரங்கள் இல்லாமற்போயின. காடு பசுமையாகத் தோன்றும்போதே அதன் அடுத்த தலைமுறை அழிந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் முதலான ஆய்வாளர்கள் இவ்வாபத்தை வலியுறுத்தினர். பின்னர் ஆடுகள் அகற்றப்பட்டன. வேலியோ நிதியோ பெரிதாகத் தேவைப்படாத, ஆனால் பொறுமை தேவைப்பட்ட வேலை அது.

இரண்டாம் சோதனை ராடார் வடிவில் வந்தது. கடலோரக் காவல் படை தீவில் கண்காணிப்பு ராடார், டீசல் மின்னாக்கி, சாலை ஆகியவற்றை அமைக்க விரும்பியது. 2012இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் அதனை மறுத்தார். 2014இல் ஆட்சி மாறியபின் அனுமதி வழங்கப்பட்டது. பாதுகாப்பா பறவையா என்று இதனைச் சுருக்குவது பிழையான வாசிப்பு. தேச எல்லையில் ராடாரின் தேவையை எவரும் மறுத்திலர். மரங்கள் வெட்டப்படாமல், சாலை போடப்படாமல், வேறிடத்தில் அமைக்கலாகாதா என்பதே கேள்வியாயிருந்தது.

எண்ணிக்கை குறித்து ஓர் எச்சரிக்கை. முந்தைய மதிப்பீடுகள் பல முந்நூறு, நானூறு என்ற அளவில் நின்றன. 2019-20 காலத்துக் கள ஆய்வோ ஏறத்தாழ ஆயிரம் என்றது. ஆடுகள் போனதால் பறவை பெருகியது என்று உடனே எழுதிவிட ஆசை எழும். ஆனால் முறையியல் வேறு. பழைய கணக்கு குறைவாக எண்ணியிருக்கவும் கூடும். மேலும் முளைத்த நாற்று பொந்துடைய பெருமரமாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். இன்று கூடு தருபவை ஆடுகள் வருமுன்னரே வேரூன்றிய மரங்களே.