ஒரு பாம்பு, பல பெயர்கள்: கண்ணாடி விரியனின் கதை

1/ உடம்பு முழுக்கச் சங்கிலி கோர்த்த மாதிரி வட்டம் வட்டமா இருக்கும். குக்கர் விசில் மாதிரி சீறும். கண்ணாடி விரியன்! இந்த ஒரே பாம்புக்கு அறிவியல்ல எத்தனை தடவை பெயர் மாறுச்சு, அதனால நமக்கு என்னன்னு ஒரு சின்ன இழை 🧵

2/ 1780-கள். விசாகப்பட்டினத்துல பேட்ரிக் ரஸ்ஸல்னு ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர். எது விஷப்பாம்பு, எது இல்லைன்னு பிரிச்சுக் காட்டணும்ங்கறதுதான் அவரோட நோக்கம். 1796-ல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிப் படங்களோட புத்தகம் போட்டார். அதுல இந்தப் பாம்புக்கு உள்ளூர் தெலுங்குப் பெயரையே வெச்சார்: காட்டுக ரேக்குல பொட.

3/ 1797-ல் ஜார்ஜ் ஷா லத்தீன் பெயர் வெச்சார்: கொலூபர் ரஸ்ஸலி. ஆனா அந்தக் காலத்துல கொலூபர்ங்கறது எல்லாத்தையும் போட்டு வைக்கிற சாக்குமூட்டை மாதிரி. 1758-ல் லின்னேயஸ் நல்ல பாம்பையும் அதுலதான் போட்டார், விஷமில்லாத சாரையையும் அதுலதான் போட்டார்!

4/ அப்புறம் 1803-ல் வைப்பெரா எலிகன்ஸ். 1842-ல் கிரே டபோயான்னு தனிப் பேரினம் உருவாக்கினார். பிறகு பூலஞ்சர் திரும்ப வைப்பெராவுக்கே கொண்டு போனார். 20-ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல்கள்ல ரொம்ப காலம் வைப்பெராதான். இப்போ மறுபடியும் டபோயா ரஸ்ஸலி.

5/ பெயர்தானே, மாறினா என்னன்னு தோணலாம். புதுப் பெயரை மட்டும் போட்டுத் தேடினா பழைய ஆய்வெல்லாம் கண்ணுலயே படாது. ஒரே உயிரினத்தை ரெண்டு மூணா எண்ணிடவும் வாய்ப்பு இருக்கு. இதைச் சரிபண்ணத்தான் 2001-ல் ஸ்பீசிஸ் 2000, ஐடிஐஎஸ்னு ரெண்டு அமைப்பும் கைகோத்து 'கேட்டலாக் ஆஃப் லைஃப்' பட்டியலை ஆரம்பிச்சாங்க.

6/ ஒவ்வொரு குழுவுக்கும் அந்தந்த நிபுணர்களோட பட்டியல். ஊர்வனவுக்கு 'ரெப்டைல் டேட்டாபேஸ்'. பழைய பெயரை யாரும் அழிக்கறதில்லை; இப்போ ஏற்கப்பட்ட பெயரோட அதைக் கோர்த்து வைக்கிறாங்க. இன்னிக்கு 20 லட்சத்துக்கும் மேல உயிரினங்கள் அதுல இருக்கு.

7/ ஆனா கோர்த்தா மட்டும் போதாது. 2007-ல் மரபணு ஆய்வை வெச்சு மியான்மர், தாய்லாந்து, தைவான் பக்கத்து விரியனைத் தனி இனமா பிரிச்சாங்க: டபோயா சயாமென்சிஸ். அப்போ பழைய கட்டுரையில 'ரஸ்ஸலி'ன்னு இருந்தா அது எந்தப் பாம்பு? கடி நடந்த ஊரைப் பார்த்தாதான் தெரியும். பெயரோட இடமும் பதிவாகணும்.

8/ இன்னொரு சிக்கல். ஒரே இனமா இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுது. இந்திய விஷமுறிவு மருந்துக்கான விஷத்துல பெரும்பகுதி சென்னைக்கு அருகே இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தர்றது. வடக்கே, மேற்கே இருக்கிற விரியனோட விஷத்துக்கு அது எந்த அளவு வேலை செய்யும்னு ஆய்வுகள் நடக்கறதுக்குக் காரணம் இதுதான்.

9/ இதெல்லாம் ஆய்வாளர் கவலை. உங்களுக்குப் பெயர் தெரியணும்னு அவசியமே இல்லைங்க. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடிச்சுப் பையில போட்டுக் கொண்டு வராதீங்க. இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம நேரா அரசு மருத்துவமனைக்கு வாங்க. மருந்து இலவசம். நேரம்தான் உயிர் 🙏