கங்காணி பார்க்காத நிரை

ஜே. ஏ. ரசல் 1929-இல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கிய பின், மலாயாவின் கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலை பரவியது. காடு வெட்டிச் செடி நட்டவர்களில் தமிழர் பங்கு பெரிது. பெரட்டில் பெயர் கூப்பிடக் கிராணி, செடி நிரையில் அதட்டக் கங்காணி, எல்லோருக்கும் மேலே துரை. கண்காணிப்புக்குப் பஞ்சமில்லாத வாழ்க்கை அது. ஆனால் கண்காணிப்புக்கு எட்டாத இடங்களும் அங்கே இருந்தன.

கொழுந்துக் கூடை அவற்றுள் ஒன்று. எடைக்குக் கூலி என்றால், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளுபவருக்குக் கூடை மெதுவாகத்தான் நிறையும். முற்றலை அடியில் அமுக்கி மேலே தளிரைப் பரப்பினால் நிறுவையில் எடை கூடும். எல்லாக் கூடையையும் கொட்டிப் பார்க்க எந்தக் கங்காணியாலும் ஆகாது. அகப்படமாட்டோம் என்று தெரிந்தும் முற்றலை ஒதுக்கிக் கிள்ளுபவருக்குக் காவல் அவர் மனச்சாட்சியே. ஆதாம் ஸ்மித் 1759-இல் வெளியிட்ட அறவியல் நூலில், நெஞ்சுக்குள் அமர்ந்து நம்மை எடைபோடும் நடுநிலைப் பார்வையாளரைப் பற்றி எழுதியது இதைத்தான்.

இந்தக் காவல் வளர்ப்பில் உருவாவது. சுவிட்சர்லாந்துச் சிறுவர் கோலி ஆடுவதைக் கவனித்த உளவியலாளர் ழான் பியாஜே, 1932-இல் ஒரு முடிவை வெளியிட்டார்: சிறு பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர் இட்ட, மாற்றக்கூடாத கட்டளை; வளர்ந்தபின் அது கூடி ஆடுவோர் செய்துகொண்ட உடன்பாடு. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இவ்விரு படிகளும் இருந்தன. “நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்ற தாயின் அதட்டல் முதற்படி. பொதுக் குழாயடியில் முறைவைத்துத் தண்ணீர் பிடிப்பதும், மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி கொடுப்பதும் இரண்டாம் படி.

வளர்ந்த மனச்சாட்சி எல்லா விதிக்கும் தலையாட்டுவதில்லை. தோட்டக் கள்ளுக்கடைகள் சட்டப்படி நடந்தவை. ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குப் பின், கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை அவற்றை எதிர்த்தது. குடும்பம் சீரழிவதைக் கண்ட நெஞ்சம் சட்டத்தையே கேள்வி கேட்டது.

1970-இல் அறிவிக்கப்பட்ட மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். நம் பிள்ளைகள் அதைப் பள்ளியில் ஒப்புவிக்கிறார்கள். ஒப்புவிப்பது முதற்படி மட்டுமே. இரண்டாம் படிக்கு அவர்கள் ஏற, ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்லுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் அதன்படி நடந்து காட்டுங்கள். பிள்ளை “ஏன்?” என்று கேட்டால் அடக்காதீர்கள்.