முதல்ல எந்த இ-சிகரெட் வாங்கலாம்?

சிகரெட்டை விட நினைக்கும் தம்மம்பட்டித் தம்பி ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. பதில் சின்னது: எதுவும் வாங்க முடியாது, இங்கே விற்பதே குற்றம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கதை நீளம்.

1963இல் பென்சில்வேனியாவில் பழைய இரும்பு வியாபாரம் பார்த்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையிலையே இல்லாத சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார். 1965இல் கிடைத்தது. பேட்டரிச் சூட்டில் மணமூட்டிய ஈரக்காற்றை இழுக்கணும், அவ்வளவுதான், நிகோடின் கிடையாது. சந்தைக்கே வரவில்லை. ஊரே புகைத்த காலத்தில் யாருக்கு வேணும் அது!

2003இல் சீன மருந்தாளர் ஹான் லிக் நிகோடின் திரவத்தை ஆவியாக்கும் கருவியைக் கொண்டுவந்தார். அவரும் விடாமல் புகைத்தவர்தான். அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இன்றைய வேப் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

தமிழ்நாடு 2018இலேயே தடை போட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிகோடின் இல்லாத கருவியும் இதில் அடக்கம்; கில்பர்ட்டுடையதும் மாட்டியிருக்கும்! நெருப்பு வைக்கும் பீடியும் சிகரெட்டும் மட்டும் எச்சரிக்கைப் படத்தோடு பெட்டிக்கடையில் தொங்குகின்றன. எனக்கு இது உறுத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் வேப் பக்கம் போவதைத் தடுக்கணும் என்ற வாதத்தையும் தள்ள முடியவில்லை.

தம்பிக்குச் சொன்னது: மெடிக்கல் ஷாப்பில் 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் கிடைக்கும், முதலில் டாக்டரைப் பார்.